பெரிய கோயிலா, வட்டாரக் கோயிலா, வகுப்பா: சிங்கப்பூரில் இந்துச் சமூகத்தோடு சேர எந்த வழி?

சிங்கப்பூருக்கு வந்த முதல் ஆண்டில், ஏறத்தாழ எல்லா வெள்ளிக்கிழமைகளிலும் வேலை முடிந்ததும் சிராங்கூன் சாலைக்குப் போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வீடு திரும்புவேன். அந்த ஓராண்டில் கோயிலுக்குள் நான் வாய் திறந்து பேசியது, அர்ச்சனைச் சீட்டு வாங்கும் இடத்தில் சொன்ன பெயரும் நட்சத்திரமும் மட்டுமே. கும்பகோணத்தில் எங்கள் தெருக் கோயிலில் இரண்டு வாரம் என்னைக் காணாவிட்டால், வாசலில் பூக் கட்டும் அம்மாள் என் பாட்டியிடம் விசாரித்துவிடுவார். இங்கே நான் இரண்டு மாதம் போகாமல் இருந்தாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை என்பது, காய்ச்சலில் படுத்துக் கிடந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலையில்தான் எனக்கு உறைத்தது. சாமி கும்பிடுவதற்கு இந்த ஊரில் எந்தக் குறையும் இல்லை. கும்பிடுகிறவர்களில் ஒருத்தியாக ஆவதற்குத்தான் வழி தேட வேண்டியிருந்தது.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களில் இந்துக்கள் 5 விழுக்காட்டினர். இந்தச் சிறிய தொகைக்கு இருபதுக்கும் மேற்பட்ட கோயில்களும், சமய வகுப்புகளும், பஜனைக் குழுக்களும், ஊர்ச் சங்கங்களும் இருக்கின்றன. புதிதாக வந்தவர் எல்லாவற்றுக்கும் ஒருமுறை போய், எதிலும் ஒட்டாமல், கடைசியில் வீட்டுப் பூசையறையோடு நின்றுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்ப்பது பயனுடையது. நான் மூன்று கேள்விகளை வைத்தே எடை போடுகிறேன். நம் பெயர் அங்கே எத்தனை நாளில் தெரியவரும்? வேலையும் பிள்ளைகளும் உள்ள ஒருவரால் அதை ஆண்டுக்கணக்கில் தொடர முடியுமா? வீட்டில் ஒரு துன்பம் நேர்ந்தால் அங்கிருந்து யாராவது கதவைத் தட்டுவார்களா? மூன்றாவது கேள்விதான் எனக்கு முதன்மையானது.

முதலில் பெரிய கோயில்கள். 1819இல் பினாங்கிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை 1827இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் எழுப்பிய மாரியம்மன் கோயில்தான் இங்குள்ள இந்துக் கோயில்களில் பழமையானது. சவுத் பிரிட்ஜ் சாலையில் அது இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. தொடக்க காலத்தில் கப்பலிலிருந்து இறங்கிய தமிழர்கள், வேலையும் தங்குமிடமும் கிடைக்கும்வரை அந்தக் கோயிலிலேயே தங்கியிருக்கிறார்கள். புதியவரை ஏற்றுக்கொள்வது அந்தக் கோயிலின் பிறவிக் குணம் என்று சொல்லலாம். ஆனால் இன்று அங்கே போகிறவரை யாரும் “எங்கே தங்கியிருக்கிறீர்கள்?” என்று கேட்பதில்லை. கேட்க முடியாத அளவுக்குக் கூட்டம். மாரியம்மன் கோயில், சீனிவாசப் பெருமாள் கோயில், கேலாங் ஈஸ்டில் உள்ள சிவன் கோயில், தோ பாயோவில் உள்ள வைரவிமட காளியம்மன் கோயில் ஆகிய நான்கையும் இந்து அறக்கட்டளை வாரியம் நிர்வகிக்கிறது. வாரிய உறுப்பினர்களை அரசாங்கம் நியமிக்கிறது. ஆகவே இக்கோயில்களின் நிர்வாகத்துக்குள் நுழைவதைப் பற்றிப் புதியவர் யோசிக்க வேண்டியதில்லை. அவருக்குத் திறந்திருக்கும் வாசல் தொண்டூழியம்.

அந்த வாசல் அகலமானது என்பதை மறுக்க முடியாது. தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலில் புறப்படும் பால்குடங்களும் காவடிகளும் டேங்க் ரோட்டில் உள்ள தெண்டாயுதபாணி கோயில்வரை போகின்றன. நள்ளிரவில் தொடங்கி மறுநாள் இரவுவரை அந்த வழி நெடுகிலும் தண்ணீர் கொடுக்கவும், வரிசையைச் சீராக்கவும், பால்குடத்தை வாங்கிக் கொடுக்கவும் ஆள் வேண்டும். 1968இலிருந்து தைப்பூசம் இங்கே பொது விடுமுறையாக இல்லாததால், தொண்டூழியர்களில் பெரும்பாலோர் தங்கள் விடுப்பைக் கொடுத்துத்தான் வருகிறார்கள். அதிகாலை மூன்று மணிக்கு, அலகு குத்திய ஒரு பையனின் தாய் நம் கையிலிருந்து தண்ணீர்க் குவளையை வாங்கும்போது, இந்த ஊர் நமக்கும் ஊர்தான் என்ற உணர்வு வரும். ஐப்பசியில் பெருமாள் கோயிலிலிருந்து மாரியம்மன் கோயிலுக்குக் கரகத்தின் பின்னால் நடக்கும் தீமிதிக் கூட்டத்திலும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாள் கோயில் அன்னதான வரிசையிலும் அதே உணர்வைப் பெறலாம்.

அந்த உணர்வு பொய்யல்ல, ஆனால் அது ஆண்டுக்கு ஒருமுறை வருவது. நம்மோடு இரவெல்லாம் நின்றவரை அடுத்த ஆண்டு அதே இடத்தில்தான் பார்ப்போம், அவர் பெயரை மறந்திருப்போம். நான் இரண்டு தைப்பூசங்களில் தொண்டு செய்தேன். இரண்டுமே என் வாழ்வின் நல்ல நாள்கள். ஆனால் அவற்றால் என் கைப்பேசியில் ஓர் எண்கூடப் புதிதாகச் சேரவில்லை.

வட்டாரக் கோயில்களின் கதை வேறு. அவற்றில் பல, ஏதோ ஒரு வேலைத்தலத்தைச் சுற்றிப் பிறந்தவை. குவீன்ஸ்டவுன் பக்கத்து முனீஸ்வரன் கோயிலுக்கு இரயில்வே தொழிலாளர்கள் அடித்தளம் இட்டார்கள். யீஷூனில் உள்ள ஹோலி ட்ரீ பாலசுப்பிரமணியர் கோயில், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர்களின் கோயிலாகத் தொடங்கியது. சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயிலை இலங்கைத் தமிழர்கள் நடத்தி வருகிறார்கள். நிலம் எடுக்கப்பட்டபோது, குடியிருப்புகள் கலைந்து மக்கள் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக, அடுக்குமாடிகளுக்குச் சிதறியபோது, பல கோயில்கள் இடம் மாறின. டோபி காட்டில் இருந்த சிவன் கோயிலே எம்ஆர்டி பெருவிரைவு ரயில் கட்டுமானத்துக்காக எழுந்து போய், 1993இல்தான் கேலாங் ஈஸ்டில் நிலைகொண்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு வட்டாரக் கோயிலின் நிர்வாகத்தில் நாம் பார்க்கும் வயதானவர்கள், அந்தக் கோயிலைக் காப்பாற்ற அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர்களாகவோ அவர்களுடைய பிள்ளைகளாகவோ இருக்கக்கூடும். அவர்கள் புதியவரைச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் அப்படி ஒரு கோயில் இருப்பது தெரிந்திருந்தும், சிராங்கூன் சாலைப் பக்கத்துத் தேக்காவில் பூவும் காய்கறியும் வாங்கும் வசதிக்காக நான் அதைக் கவனிக்காமலே இருந்தேன். இரண்டாம் ஆண்டில், ஆடி மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை அங்கே போனபோது, சமையற்கட்டு வாசலில் ஒரு பெரியம்மா மூட்டை மூட்டையாக இருந்த சிறிய வெங்காயத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். “உரித்துத் தரட்டுமா?” என்று கேட்டேன். அவர் என் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை, கத்தியை நீட்டினார். அன்று இரவு கண் எரிய வீட்டுக்குப் போனேன். அடுத்த வெள்ளி கறிவேப்பிலை உருவினேன். அதற்கடுத்த வாரம் அலுவலகத்தில் வேலை இழுத்துக்கொண்டதால் போக முடியவில்லை. நான்காம் வாரம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து குரல் வந்தது: “ஏம்மா, போன வாரம் காணலையே, உடம்பு கிடம்பு முடியலையா?” இந்த ஊருக்கு வந்து ஓராண்டுக்கு மேலான பிறகு, நான் வராததை ஒருவர் கவனித்தது அதுவே முதல் முறை.

இவ்வளவு விரைவில் பெயர் தெரியவரும் இடம் வேறெதுவும் இல்லை என்பது என் அனுபவம். சமையற்கட்டில் முப்பது பேருக்கு மேல் வேலை செய்ய மாட்டார்கள். ஒருவர் வராவிட்டால் அவருடைய வேலை இன்னொருவர் தலையில் விழும், ஆகவே கட்டாயம் தெரியும். செலவு இல்லை. பிள்ளைகளைக் கூட அழைத்துப் போகலாம். என் மகள் அங்கேதான் பூத்தொடுக்கக் கற்றுக்கொண்டாள். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் மழையோ தேர்வோ சாக்காக நிற்பதில்லை.

குறைகளும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. சில வட்டாரக் கோயில்களில் பரம்பரையாக வரும் குடும்பங்களுக்கும் அண்மையில் குடியேறியவர்களுக்கும் இடையே ஒரு மெல்லிய கோடு இருக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பேச்சும் வழிபாடும் நம் ஊரிலிருந்து கொஞ்சம் மாறியிருக்கும். முனீஸ்வரனுக்கும் பெரியாச்சிக்கும் மதுரைவீரனுக்கும் அவர்கள் செய்யும் பூசையைப் பார்த்துவிட்டு, “எங்கள் ஊரில் இப்படிச் செய்ய மாட்டோம்” என்று முதல் மாதத்திலேயே திருத்தக் கிளம்பும் புதியவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களில் யாரும் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. நான்கைந்து தலைமுறையாக, தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்துக்கொண்டே அந்தப் பூசையைக் கைவிடாமல் கொண்டுவந்தவர்கள் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள். நமக்குத் தெரிந்த ஆகமத்தைச் சொல்லும் முன் அவர்களுடைய முறையை முழுதாக ஒரு சுற்று, அதாவது ஒரு சித்திரையிலிருந்து மறு சித்திரைவரை, பார்த்திருப்பதுதான் மரியாதை. மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. நான் முதலில் தொண்டு செய்யப் போன வேறொரு கோயிலில், மூன்று மாதம் கழித்தும் என்னை உபயதாரர் பட்டியலில் எவ்வளவு எழுதலாம் என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பணம் கொடுப்பதில் தவறில்லை, கோயில் காற்றில் நடப்பதில்லை. ஆனால் கை வேலைக்கு இடமில்லாமல் கைப்பணத்துக்கு மட்டும் இடமிருக்கும் கோயில், சேர்ந்து வாழ ஏற்றதல்ல என்று கருதி அங்கிருந்து விலகினேன்.

உறுப்பினர் சந்தா கட்டுவதைப் பற்றியும் ஒரு சொல். சங்கமாகப் பதிவு செய்யப்பட்ட கோயில்களில் ஆண்டுச் சந்தா செலுத்தி உறுப்பினராகலாம், பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கலாம். இதை முதல் ஆண்டிலேயே செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. தேர்தல் நேரத்தில் புது உறுப்பினர்களை எந்த அணியின் ஆள் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நம் முகம் பழகிய பிறகு வாங்கும் உறுப்பினர் அட்டைக்கு அந்தச் சந்தேகம் ஒட்டாது.

மூன்றாவது வழி, மடங்களும் மிஷன்களும் நடத்தும் வகுப்புகள். 1928இல் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் பார்ட்லி சாலையில் இருக்கிறது. சின்மயா மிஷன், சத்திய சாயி அமைப்பு ஆகியவையும் இங்கே இயங்குகின்றன. கோயில் கூட்டமும் சத்தமும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், “ஏன் கும்பிடுகிறோம்?” என்று கேட்கும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கும் இதைவிட நல்ல இடம் இல்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கலாம். கோயிலில் அர்ச்சகரை நிறுத்திக் கேட்க முடியுமா? பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால், தமிழரல்லாத இந்துக்களோடும் பழக்கம் ஏற்படுகிறது. இங்கே வளரும் பிள்ளைகளுக்கு அது ஒரு நன்மை. ஆனால் வகுப்பு முடிந்ததும் எல்லாரும் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே நட்பு உருவாக வேண்டுமென்றால் வகுப்பைத் தாண்டி விழா ஏற்பாடு, நூலகம், முதியோர் இல்ல வருகை என்று ஏதாவது ஒன்றில் கை வைக்க வேண்டும். அதாவது, மீண்டும் தொண்டுதான்.

வீடுகளில் நடக்கும் பாராயணக் குழுக்களை இவற்றோடு ஒப்பிட்டால், அளவில் மிகச் சிறியவை, நெருக்கத்தில் மிகப் பெரியவை. மார்கழியில் திருப்பாவை, திருவெம்பாவை, மாதத்துக்கு ஒருமுறை திருவாசக முற்றோதல், செவ்வாய்க்கிழமை மாலைகளில் இலலிதா சகஸ்ரநாமம் என்று வீவக வீட்டு வரவேற்பறைகளில் பத்துப் பதினைந்து பேர் கூடுகிறார்கள். முடிந்ததும் சுண்டலும் காப்பியும். இரண்டு மூன்று முறை போனால் போதும், ஒருவர் மற்றவரின் குடும்பத்தையே அறிந்துவிடுவார். குறை என்னவென்றால், உள்ளே நுழைய அழைப்பு வேண்டும், அந்த அழைப்பு பெரும்பாலும் ஒரே மொழி, ஒரே சாதி, ஒரே அலுவலகம் என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றி வருகிறது. நம் வீட்டுக்கு எல்லாரையும் அழைத்துவிட்டு, அவர்கள் வீட்டுப் பாராயணத்தில் யாரையெல்லாம் அழைப்பதில்லை என்பதைக் கவனித்தால் அது புலப்படும். நான் இப்படி ஒரு குழுவில் ஆறு மாதம் இருந்துவிட்டு, “நம்மவர்கள்” என்ற சொல் அங்கே எதைக் குறிக்கிறது என்று புரிந்ததும் வெளியே வந்தேன். எல்லாக் குழுக்களும் அப்படியல்ல. அடுத்த புளோக்கிலேயே கதவைத் திறந்து வைத்து யாரையும் உட்காரச் சொல்லும் குழு ஒன்று இருக்கிறது, அதில் தெலுங்குக் குடும்பமும் மலையாளக் குடும்பமும் தேவாரம் படிக்கின்றன.

ஊர்ச் சங்கங்களையும், சமூக மன்றங்களில் இயங்கும் நற்பணிப் பேரவைகளையும் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பொங்கல், தீபாவளிக் கொண்டாட்டங்களுக்கும், பிள்ளைகள் மேடை ஏறுவதற்கும் அவை நல்லவை. நற்பணிப் பேரவை எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது என்பதால் அங்கே வழிபாட்டுச் சமூகத்தை எதிர்பார்ப்பது பொருத்தமல்ல. முகவரி, பள்ளி, வேலை பற்றித் தகவல் கேட்க அவற்றைவிட நல்ல இடம் இல்லை.

எல்லாருக்கும் ஒரே விடை பொருந்தாது. தொழிலாளர் தங்குவிடுதியில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் தம்பிமார்களுக்கு, வட்டாரக் கோயில் என்று ஒன்று இல்லை. அவர்களுக்குத் தேக்காதான் வட்டாரம். வீரமாகாளியம்மன் கோயிலிலோ பெருமாள் கோயிலிலோ ஞாயிறு அன்னதானத்துக்குப் பரிமாறும் குழுவில் நான்கு பேராகச் சேர்ந்து நிற்பது அவர்களுக்கு உகந்த வழி. தனியாகப் போனால் கூட்டத்தில் கரைந்துவிடுவார்கள். வடஇந்தியர்களுக்குச் சாந்தர் சாலையில் இலட்சுமிநாராயணர் கோயில் இருக்கிறது. திருமணத்தின் வழியாக இந்துக் குடும்பத்துக்குள் வந்த சீனப் பெண்கள் பலர், “எனக்கு மந்திரம் தெரியாதே” என்று தயங்குவதைக் கேட்டிருக்கிறேன். வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயில் வாசலில், பக்கத்துக் குவான் யின் கோயிலுக்கு வந்த சீனர்கள் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடும் காட்சியை அவர்களுக்கு நான் காட்டுவதுண்டு. வெங்காயம் உரிக்கவும் மந்திரம் தேவையில்லை.

ஆகவே எதைத் தேர்வது என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. வீட்டிலிருந்து நடந்தோ ஒரே பேருந்திலோ போகக்கூடிய கோயிலைத் தேர்ந்து, அங்கே ஒரே ஒரு வேலையை, ஒரே கிழமையில், ஓராண்டு விடாமல் செய்யுங்கள். பிள்ளைகள் இருந்தால் அதோடு ஒரு சமய வகுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கு மேல் வேண்டாம். தைப்பூசத் தொண்டை ஆண்டுக்கொரு விழாவாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பாராயணக் குழுவுக்கு அழைப்பு வந்தால் போய்ப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கோயிலைத் தேர்வதற்கு முன் மூன்று கோயில்களை ஒரு மாதத்துக்குள் சுற்றிப் பாருங்கள். அப்போது சந்நிதியைவிடச் சமையற்கட்டையும் பூத்தொடுக்கும் இடத்தையும் அதிக நேரம் கவனியுங்கள். அங்கே வயதானவர்களும் இளைஞர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு வேலை செய்தால், உங்களுக்கும் அங்கே இடம் இருக்கும்.

என் மூன்றாவது கேள்விக்கு விடை எனக்கு 2018இல் கிடைத்தது. அப்பா ஊரில் இறந்துபோன செய்தி ஒரு புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு வந்தது. விமானம் மறுநாள் காலையில்தான். சமையற்கட்டுக் குழுவில் நான் எழுதியது ஒரே வரி: “இந்த வெள்ளி வர முடியாது, அப்பா தவறிவிட்டார்.” ஒன்பது மணிக்கெல்லாம் அந்தப் பெரியம்மாவும் இன்னும் நான்கு பேரும் வாசலில் நின்றார்கள். ஒருவர் என் மகளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். ஒருவர் என் கடப்பிதழைத் தேடி எடுத்தார். பெரியம்மா தூக்குச்சட்டியில் ரசஞ்சாதம் கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். ஆறுதலாக எதுவும் பேசவில்லை. சட்டியைக் கழுவ விடவில்லை, அப்படியே வாங்கிக்கொண்டு போனார்.

போன ஆடிவெள்ளியில், கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு மாதமே ஆன ஒரு பெண் சமையற்கட்டு வாசலில் தயங்கி நின்றாள். பெரியம்மாவுக்கு இப்போது முட்டி வலி, நாற்காலியில்தான் உட்கார்கிறார். அங்கிருந்தபடியே என்னைப் பார்த்தார். நான் கறிவேப்பிலைக் கட்டை அவளிடம் நீட்டிவிட்டு, என் பக்கத்தில் இடம் ஒதுக்கினேன்.